21,600-இல் நிற்கும் மோடம்

கோயம்புத்தூரில் கடைக்காரர் பூட்டிக் காட்டியபோது நொடிக்கு 45,333 பிட் வேகத்தில் இணைந்த மோடம், அதே கம்ப்யூட்டரோடு மலையேறிக் கோத்தகிரி வந்ததும் 26,400-ஐத் தாண்டாது. மழை பிடித்துக்கொண்டால் 21,600. கம்ப்யூட்டரின் தரவை ஒலியாக்கிப் போன் லைனில் அனுப்பும் மோடம் வழியாக இணையம் பார்த்த டயல்-அப் காலத்தில் நீலகிரியில் பிரவுசிங் சென்டர் நடத்தியவர்களுக்கு இது பழகிப்போன தொல்லை. தீர்ப்பும் தயாராக இருக்கும்: "டிரைவர் சரியில்லைங்க." சி.டி.யைப் போட்டு, மோடத்தை இயக்கும் மென்பொருளான டிரைவரை மறுபடி ஏற்றுவார்கள். இரண்டு நாள் வெயில் அடித்தால் வேகம் கூடும். பாராட்டு முழுக்க சி.டி.க்குப் போய்விடும்.

அமெரிக்காவின் ஏ.ஓ.எல். நிறுவனமே 2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு டயல்-அப் சேவையை நிறுத்திவிட்ட பிறகு இந்தப் பேச்சு எதற்கு என்று கேட்கலாம். பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி ஓடவைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதைவிட முக்கியமாக, பேச்சுக்காகப் போட்ட ஒரு ஜோடி செப்புக் கம்பியிலிருந்து எவ்வளவு தரவைக் கறக்க முடியும் என்பதற்கு மோடத்தைவிட நல்ல பாடம் கிடையாது. அந்தப் பாடம் மேலே சொன்ன மூன்று எண்களிலேயே ஒளிந்திருக்கிறது.

மோடம் இணையும் வேகத்தைப் பெட்டியில் அச்சடித்த 56கே, அதாவது நொடிக்கு 56,000 பிட், நிர்ணயிப்பதில்லை. நம் மோடமும் மறுமுனை மோடமும் முதல் இருபது, முப்பது நொடிகளில் நடத்தும் பேரம்தான் நிர்ணயிக்கிறது. அந்தப் பேரத்தைத்தான் கீச்சும் கரகரப்புமாக ஸ்பீக்கரில் கேட்டோம். எண்களைச் சுழற்றிய பிறகு மறுமுனையிலிருந்து வரும் நீண்ட கூவல் 2,100 ஹெர்ட்ஸ் ஒலி. 450 மில்லிநொடிக்கு ஒருமுறை அதன் அலை தலைகீழாகப் புரளும். வழியிலுள்ள எதிரொலி நீக்கும் கருவிகளுக்கு அது உத்தரவு: இனி வரப்போவது மனிதப் பேச்சு அல்ல, கொஞ்சம் ஒதுங்கிக்கொள். பிறகு இரு மோடங்களும் தமக்குத் தெரிந்த நெறிமுறைகளைச் சொல்லிக்கொள்ளும். அடுத்து வருவதுதான் முக்கியமான கட்டம். 150 ஹெர்ட்ஸிலிருந்து 3,750 ஹெர்ட்ஸ் வரை 21 வெவ்வேறு சுருதிகளை ஒரே நேரத்தில் லைனில் அனுப்பி, ஒவ்வொன்றும் எவ்வளவு மங்கி, எவ்வளவு இரைச்சலோடு போய்ச் சேர்கிறது என்று அளப்பார்கள். லைனுக்கு எடுக்கும் எக்ஸ்ரே என்றே சொல்லலாம். அந்த அளவை வைத்துத்தான் பேரம் படியும். கடைசியில் கேட்கும் "ஷ்ஷ்ஷ்" நமக்கு இரைச்சல். மோடத்துக்கு அதுவே தரவு.

இதற்கு ஒரு மேல்வரம்பு உண்டு. தொலைபேசி லைன் பேச்சுக்கு ஒதுக்குவது 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை, அதாவது 3,100 ஹெர்ட்ஸ் அகலம். அமெரிக்கக் கணித அறிஞர் கிளாட் ஷானன் 1948-இல் கொடுத்த கணக்கின்படி, சமிக்ஞை இரைச்சலைவிட ஆயிரம் மடங்கு வலுவாக இருந்தால் இந்த அகலத்தில் நொடிக்குச் சுமார் 31,000 பிட்கள் போகலாம். நூறு மடங்குதான் வலு என்றால் சுமார் 20,600. இரைச்சல் பத்து மடங்கு பெருகியும் வேகத்தில் மூன்றில் ஒரு பங்குதான் போகிறது. காய்ந்த நாளில் 33,600 கொடுத்த லைன் மழை நாளில் 21,600-க்கு இறங்கினால், நடுவில் இரைச்சல் பத்துப் பதினைந்து மடங்கு கூடியிருக்கிறது என்று பொருள். காதுக்கோ கரகரப்பு ஏறக்குறைய இரட்டிப்பானது போலத்தான் கேட்கும்.

அப்படியானால் 45,333 எப்படிக் கிடைத்தது? அது வேறு கணக்கு. டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டாக எழுதுகிறது. மொத்தம் 64,000. இணைய நிறுவனத்தின் முனை எக்ஸ்சேஞ்சோடு நேராக டிஜிட்டலில் இணைந்திருந்தால், நம் வீடு வரை வரும் தரவு ஒரே ஓரிடத்தில்தான் அனலாக், அதாவது தொடர் அலை, ஆகிறது. எட்டில் ஏழு பிட்களை நம்பலாம் என்று வைத்தால் 56,000. 1998-இல் வந்த வி.90 தரத்தின் சூட்சுமம் இவ்வளவுதான். நாம் அனுப்பும் திசையில் இந்தச் சலுகை இல்லை, 33,600-தான் உச்சம்.

இப்போது எண்களைப் பாருங்கள். பழைய வி.34 தரத்தில் வேகம் 2,400-இன் படிகளில் ஏறும்: 21,600, 24,000, 26,400, 28,800, 31,200, 33,600. வி.90-இல் படி 1,333 சொச்சம்: 42,667, 44,000, 45,333. ஆகவே 26,400 என்று திரையில் வந்தாலே, மோடம் 56கே வழியை முயன்று கைவிட்டுப் பழைய வழிக்குத் திரும்பிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். காய்ந்த நாளிலும் 33,600-ஐ ஒருமுறைகூடத் தாண்டவில்லை என்றால், பெரும்பாலும் வழியில் எங்கோ இரண்டாவது அனலாக்-டிஜிட்டல் மாற்றம் நடக்கிறது. கம்பி ஜோடி போதாத எஸ்டேட் பக்கங்களில் ஒரே ஜோடியில் பல இணைப்புகளை ஏற்றும் பெட்டி இருந்தாலோ, கடைசித் தூரம் ரேடியோவில் வந்தாலோ இதுதான் கதி. பேச்சு தேனாகக் கேட்கும், மோடம் மட்டும் 26,400-இல் உட்கார்ந்துவிடும். அங்கே உலகத்து டிரைவர்களையெல்லாம் ஏற்றினாலும் பயனில்லை.

திரையில் 1,15,200 என்று வந்தால் துள்ளிக் குதிக்க வேண்டாம். அது கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் நடுவிலுள்ள காம் போர்ட்டின் வேகம், லைனின் வேகம் அல்ல. பொருந்தாத டிரைவர் போட்டால் விண்டோஸ் இப்படிக் காட்டுவது சகஜம். டிரைவர் மீது நியாயமாகவே சந்தேகப்பட வேண்டிய இடங்களில் இது ஒன்று.

மலையில் லைன் ஏன் மோசம்? முதல் காரணம் தூரம். எக்ஸ்சேஞ்ச் எதிர் மலையில் கண்ணுக்குத் தெரியும். கேபிளோ ரோட்டோடு வளைந்து இறங்கி ஏறி வந்து சேரும். 0.5 மில்லிமீட்டர் செப்புக் கம்பி, போக வர ஒரு ஜோடிக்கு, கிலோமீட்டருக்குச் சுமார் 170 ஓம் தடை தரும். தூரம் கூடக்கூட உச்ச சுருதிகள்தான் முதலில் மங்கும். பேச்சுக்கு அது பொருட்டில்லை, மோடத்துக்கு அதுதான் பிழைப்பு.

இரண்டாவது காரணம் ஈரம். வீடுகளுக்குக் கம்பிகளைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பெட்டியிலும் கேபிள் ஜாயின்ட்டிலும் தண்ணீர் இறங்கினால், லைனில் எப்போதும் இருக்கும் 48 வோல்ட் அங்கே செம்பை மெல்ல அரிக்கும். ஜாயின்ட்டைப் பிரித்தால் பச்சைப் பூஞ்சை போல ஒட்டியிருப்பது அதுதான். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் டிராப் வயர் சில்வர் ஓக் கிளையில் உரசி உரசித் தோலுரிந்திருந்தால் பனிமூட்டமே போதும், மழைகூட வேண்டியதில்லை. ஒரு கூர்மையான சோதனை இருக்கிறது. கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. ஒரே மாடல் மோடம் மேற்கே ஆடியிலும் கிழக்கே ஐப்பசியிலும் மக்கர் செய்தால், லைனைத்தான் பார்க்க வேண்டும். டிரைவருக்குப் பருவமழை தெரியாது.

லைனைச் சோதிக்க மீட்டர் தேவையில்லை. பேரலல் போன், ஃபேக்ஸ், சர்ஜ் புரொடெக்டர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வீட்டுக்குள் லைன் நுழையும் பெட்டியில் ஒரே ஒரு போனை மாட்டுங்கள். ஏதாவது ஓர் எண்ணை அழுத்தினால் டயல் டோன் நின்று சில நொடி அமைதி கிடைக்கும். அந்த அமைதியில் "ம்ம்ம்" என்று முனகினால், பெரும்பாலும் மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் ஓசை எங்கோ ஏறுகிறது, ஜோடியின் ஒரு கம்பி தரையைத் தொடுகிறது. "கர்ர்… பட்" என்றால் ஈர ஜாயின்ட். பெட்டியில் சுத்தம், மோடம் மேஜையில் கரகரப்பு என்றால் குற்றம் வீட்டு வயரிங்கில். லைன்மேனிடம் "நெட் ஸ்லோ" என்று சொன்னால் கம்ப்யூட்டர்காரரைக் காட்டுவார். "போனில் கரகரப்பு" என்று சொல்லுங்கள், கம்பம் ஏறுவார்.

லைன் சுத்தமாக இருந்தும் மோடம் திணறினால் டிரைவர் பக்கம் வரலாம். பழைய வெளி மோடம்களுக்குள் சமிக்ஞையைக் கணக்கிடும் சிப், கட்டளையைப் புரிந்துகொள்ளும் சிப் இரண்டும் இருந்தன. அவற்றுக்கு டிரைவர் என்பது கிட்டத்தட்ட ஒரு கட்டளைப் பட்டியல். விண்டோஸில் உள்ள பொதுவான 56,000 மோடம் டிரைவரே போதும். பிறகு வந்த மலிவு பி.சி.ஐ. கார்டுகளில், அதாவது வின்மோடம்களில், அந்த மூளையை எடுத்துவிட்டார்கள். பலவற்றில் கணக்கு முழுவதையும் கம்ப்யூட்டரின் சி.பி.யூ. செய்யும். இங்கே டிரைவர்தான் மோடம். ஹார்ட் டிஸ்க் கடமுடா என்று ஓடும்போது மட்டும் இணைப்பு திணறினால், ஒலியின் துணுக்குகளைக் கணக்கிட சி.பி.யூ.வுக்கு நேரம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். டிஸ்க்கை, சி.பி.யூ.வைத் தொந்தரவு செய்யாமல் தரவை நேராக நினைவகத்துக்கு அனுப்பும் டி.எம்.ஏ. முறைக்கு மாற்றினால் பல நேரம் சரியாகிவிடும்.

சரியான டிரைவரைத் தேடும்போது பெட்டியின் பெயரை மறந்துவிடுங்கள். ஒரே பெயரில் வெவ்வேறு சிப், வெவ்வேறு பெயரில் ஒரே சிப், இரண்டுமே சந்தையில் இருந்தன. விண்டோஸின் சாதனப் பட்டியலான டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் கேள்விக்குறியோடு "பி.சி.ஐ. சிம்பிள் கம்யூனிகேஷன்ஸ் கன்ட்ரோலர்" என்று நிற்பதுதான் பெரும்பாலும் நம் மோடம். அதன் விவரங்களில் தயாரிப்பாளர் எண்ணும் சாதன எண்ணும் இருக்கும். தயாரிப்பாளர் எண் 8086 என்றால் இன்டெல். தன் புகழ்பெற்ற சிப்பின் எண்ணையே வாங்கி வைத்துக்கொண்டது. 1057 மோட்டரோலா, 14எஃப்1 கொனெக்சன்ட், 11சி1 லூசன்ட் அல்லது அதன் வாரிசு அகிர். சாதன எண்ணும் பொருந்த வேண்டும். கொனெக்சன்ட்டிலேயே எச்.சி.எஃப்., எச்.எஸ்.எஃப். என்று இரண்டு குடும்பங்கள். முன்னதில் கணக்கிடும் சிப் கார்டில் இருக்கும், பின்னதில் அதுவும் கிடையாது. ஒன்றின் டிரைவர் மற்றொன்றில் வேலை செய்யாது. லேப்டாப்பில் மோடம் ஆடியோ சிப்போடு ஒட்டிக்கொண்டு இருக்கலாம்; ஆடியோ பஸ் டிரைவரை முதலில் ஏற்றாவிட்டால் மோடம் தலையே காட்டாது. லினக்ஸில் எச்.எஸ்.எஃப். மோடத்துக்கு லினக்ஸன்ட் நிறுவனம் கொடுத்த இலவச டிரைவர் 14,400-இல் நின்றுவிடும், முழு வேகத்துக்குக் காசு கேட்டார்கள். அங்கே லைன்மேனைத் திட்டிப் புண்ணியமில்லை.

சரியான டிரைவர் ஏறியும் "டயல் டோன் இல்லை" என்று அடம்பிடித்தால் நாட்டின் பெயரைப் பாருங்கள். அமெரிக்க டயல் டோன் 350, 440 ஹெர்ட்ஸ் இரண்டும் கலந்தது. நம்முடையது 400 ஹெர்ட்ஸை 25 ஹெர்ட்ஸால் அலைத்தது. டிரைவரில் நாடு அமெரிக்கா என்று இருந்தால் மோடம் நம் டோனை டோனாகவே மதிக்காமல் போகலாம். இந்தியா என்று மாற்றுங்கள், அல்லது கூடுதல் கட்டளையாக ஏடிஎக்ஸ்3 (ATX3) கொடுங்கள். டோனுக்குக் காத்திராமல் எண்ணைச் சுழற்றும்.

அப்படியும் அசையவில்லை என்றால், அதுவும் கோடை இடிக்குப் பிறகு என்றால், போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு மோடத்தை டயல் செய்யவிடுங்கள். எண்களின் பீப் லைனில் கேட்க வேண்டும். கேட்கவில்லை, ஆனால் டிவைஸ் மேனேஜரில் எல்லாம் ஒழுங்காகத் தெரிகிறது என்றால், லைனைத் தொடும் பகுதி மின்னலில் கருகியிருக்கும். கம்ப்யூட்டர் பக்கத்துச் சிப் மட்டும் உயிரோடு இருந்து பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. கார்டை மாற்றுவதைத் தவிர வழியில்லை.