கிளாசிக் படம் வேறு, செவ்வியல் வேறு

பழைய படம் ஒன்றைத் திரும்பப் பார்த்துப் பேசும் காணொளி அது. எடுத்த எடுப்பிலேயே அதில் பேசுகிறவர் “1964இல் வெளியான செவ்வியல் நகைச்சுவைத் திரைப்படம்” என்றார். காதலிக்க நேரமில்லையைத்தான் சொல்கிறார் என்று புரியவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்கிற அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஒருத்தர் வாயாலேயே சத்தம் எழுப்பி மிரட்டுகிறார்; இன்னொருத்தர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பேயறைந்த மாதிரி ஆகிறது. அறுபது வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறோம். இதற்குப் பெயர் செவ்வியலா?

அவர் செவ்வியல் என்றது ஆங்கிலத்தின் ‘கிளாசிக்’கைத்தான். அந்தச் சொல்லின் பிறப்பைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். லத்தீனில் ‘கிளாசிஸ்’ என்றால் வகுப்பு. ரோமில் குடிமக்களைச் சொத்தை வைத்து வகுப்புகளாகப் பிரித்தார்கள். முதல் வகுப்பைச் சேர்ந்தவன் ‘கிளாசிகுஸ்’. இரண்டாம் நூற்றாண்டில் அவுலுஸ் கெல்லியுஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் இந்தச் சொல்லை எழுத்தாளர்களுக்குத் தூக்கி வைத்தார்: முதல் தர எழுத்தாளன், சொத்தில்லாத கடைசி வகுப்புக்காரன் அல்ல என்ற பொருளில். அப்புறம் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து அங்கே இரண்டு சொல்லாகப் பிரிந்தது. ‘கிளாசிகல்’ என்றால் இலக்கணமும் மரபும் வகுக்கப்பட்ட பழைய கலை, பழைய மொழி. ‘கிளாசிக்’ என்றால் காலம் போனாலும் மதிப்புக் குறையாதது. முதலாவது ஒரு வகையின் பெயர், இரண்டாவது நாம் தருகிற தீர்ப்பு.

நம் மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டுக்கும் ஒரே சட்டையை மாட்டிவிட்டார்கள். செம்மையும் இயலும் சேர்ந்தது செவ்வியல். நல்ல சொல், அதில் எனக்குச் சண்டையே இல்லை. 2004இல் தமிழைச் செம்மொழி என்று அறிவித்த பிறகு அது எல்லோர் வாயிலும் புழங்க ஆரம்பித்தது. செவ்வியல் இசை, செவ்வியல் நடனம், செவ்வியல் இலக்கியம் என்றால் உடனே புரிகிறது. அதற்கு எதிர்ப்பக்கம் நாட்டார் கலை இருக்கிறது என்பதும் புரிகிறது.

சிக்கல் அங்கேதான். நம் வெகுஜனப் படத்துக்குத் தெருக்கூத்திலும் கம்பெனி நாடகத்திலும் பாதி வேர் இருக்கிறது. நடுவில் சண்டை வரும், காமெடி டிராக் வரும், காரணமே இல்லாமல் பாட்டு வரும். அந்தக் கலவைதான் அதன் உயிர். அதைச் செவ்வியல் என்பது, திருவிழாக் கூத்தாடிக்குப் பட்டுச் சால்வை போர்த்திச் சபையில் அசையாமல் உட்காரச் சொல்வது போல.

தில்லானா மோகனாம்பாளை எடுத்துக்கொள்ளுங்கள். 1968இல் ஏ. பி. நாகராஜன் எடுத்தது. நாகஸ்வரக்காரருக்கும் பரதம் ஆடுகிறவருக்கும் நடக்கிற போட்டி. சிவாஜி வாசிப்பதாக நாம் பார்ப்பதை உண்மையில் வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். அந்த வாசிப்பு செவ்வியல், பத்மினி ஆடுவது செவ்வியல். படம்? படத்தில் நாகேஷின் வைத்தி இருக்கிறார், மனோரமாவின் ஜில்ஜில் ரமாமணி இருக்கிறார். ஜில்ஜில்லைச் செவ்வியலில் அடைக்க முடிந்தால் அடைத்துக் காட்டுங்கள். “செவ்வியல் கலையைப் பற்றிய கிளாசிக் படம்” என்று அதைச் சொல்ல வேண்டிய இடத்தில், “செவ்வியல் கலையைப் பற்றிய செவ்வியல் படம்” என்று எழுதிவிட்டு நிற்கிறோம்.

திரைப்படப் படிப்பில் செவ்வியல் ஹாலிவுட் என்று ஒரு காலகட்டத்தையும் கதை சொல்லும் முறையையும் குறிப்பார்கள். அங்கே அது சரியான வேலை பார்க்கிறது. அந்தப் பாணியில் எடுத்த மட்டமான படமும் செவ்வியல் ஹாலிவுட்தான். நம் பயன்பாட்டில் அந்த வேறுபாடு தொலைந்துவிடுகிறது.

செவ்வி என்றால் பக்குவம்தானே, பக்குவப்பட்ட படம் என்று கொள்ளலாமே என்று ஒரு நண்பர் வாதாடினார். குறளில் வரும் செவ்வி உரிய நேரம், பதம். சிலர்தான் அதை அறிந்து பயன்பெறுவார்கள் என்கிறார் வள்ளுவர். தவறவிட்டால் போய்விடுகிற ஒன்று. நாம் பேசும் படங்களோ போகவே மாட்டேன் என்கின்றன. 1964இல் வந்த கர்ணன் 2012இல் புதுப்பித்து வெளியிட்டபோது நூறு நாளைத் தாண்டியது.

‘காவியம்’ என்றும் சொல்லிப் பார்த்தார்கள். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் அதை வெள்ளிக்கிழமை தோறும் செலவழித்துத் தீர்த்துவிட்டார்கள். ‘அமர காவியம்’ என்றால் எனக்கு இரங்கல் செய்திதான் நினைவுக்கு வருகிறது.

என் கட்சி ‘நிலைத்த படம்’. ‘நின்ற படம்’ என்றும் யோசித்தேன். பாதி ஷூட்டிங்கில் கைவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். “படம் நின்னு பேசும்” என்று சினிமாக்காரர்களே சொல்கிறார்களே, அந்த நிற்றல்தான் இதுவும். பேச்சில் கிளாசிக் என்றே சொன்னாலும் குடி முழுகாது. பஸ்ஸையும் காபியையும் தாங்கிய தமிழ் இதையும் தாங்கும். தவறான தமிழுக்குச் சரியான கடன்சொல் மேல்.

அகராதியில் முதலில் இருப்பதை எடுத்து ஒட்டுகிற பழக்கம் படத்தோடு நின்றால் சரி. ‘செவ்வியல் உதாரணம்’ படித்திருக்கிறேன். ‘சரியான உதாரணம்’ என்றால் முடிந்தது. ‘செவ்வியல் தவறு’ படித்திருக்கிறேன். ‘வழக்கமாகச் செய்கிற தப்பு’. ஒரு சின்ன ரசிகர் கூட்டம் தலையில் வைத்துக் கொண்டாடுகிற ‘கல்ட் கிளாசிக்’ படம் ‘வழிபாட்டுச் செவ்வியல்’ ஆகி வரும் நாள் தூரத்தில் இல்லை. தேங்காய் பழத்தோடு போக வேண்டியதுதான்.

எழுதுகிறவனுக்கும் இதில் நஷ்டம் உண்டு. நானும் பழைய படங்களைப் பார்த்து எழுதுகிறவன்தான். செவ்வியல் என்று ஆரம்பித்தால் முதுகு நிமிர்ந்துவிடுகிறது, கை கூப்பிக்கொள்கிறது. இரண்டாம் பாதி இழுக்கிறது, அந்த நாலாவது பாட்டில் எழுந்து போய்விட்டேன் என்று எழுத வராது. நிலைத்த படம் என்று ஆரம்பித்துப் பார்த்தேன். எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை என்று அடுத்த வரி தானாக வந்தது.