வேலிக்கால் மண்ணு மட்டத்துலதான் சாகுது

போன மாசம் ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்கு வேலி பாக்கப் போயிருந்தேன். தைலமரக் கால் நட்டு மூணு வருஷம்கூட முழுசா ஆகல. மேல பாத்தா நல்லா இருக்கு, கம்பியும் விறைப்பா இருக்கு. சும்மா ஒரு காலைப் புடிச்சு ஆட்டுனேன், கையோட வந்துருச்சு. மேல நாலு இஞ்ச் கனம் இருந்த கால் மண்ணு மட்டத்துல கட்டைவிரல் கனத்துக்குத் தேஞ்சு போயி, பிச்சா தேங்கா நார் மாதிரி வருது, சுத்திலும் கரையான் மண்ணு. ஆனா அதுக்கும் கீழ ரெண்டடி ஆழத்துல இருந்த முனை கெட்டியாதான் இருந்துச்சு.

பதினஞ்சு வருஷமா வேலி வேலை எடுத்துச் செய்றேன், நான் புடுங்கின கால்ல முக்காவாசி இப்படித்தான். மண்ணுக்கு மேல ஒரு அரைச்சாண், கீழ ஒரு சாண், அந்த இடத்துலதான் ஈரமும் காத்தும் ஒண்ணா சேருது, மரம் உளுக்கறதும் அங்கதான் இரும்பு துருப்புடிக்கறதும் அங்கதான். அதனால கால் வாங்கும்போது மேல பளபளப்பைப் பாக்காதீங்க, அந்த ஒரு சாண் எத்தனை வருஷம் தாங்கும்னு மட்டும் பாருங்க.

நம்மாளுங்க பழைய இன்ஜின் ஆயில்லயோ தார்லயோ அடிக்காலை முக்கி நடுறாங்க. அது மேல்தோல்ல மட்டும்தான் நிக்கும், ஒரு சித்திரை வெயில்ல மரம் வெடிச்சா அந்த வெடிப்பு வழியா தண்ணி உள்ள போயிரும். ட்ரீட் பண்ண மரம்னா அது வேற. பட்டையை உரிச்சு, காயவச்சு, இரும்பு சிலிண்டருக்குள்ள அடுக்கி, முதல்ல காத்தை உறிஞ்சி எடுத்துட்டு அப்புறம் பிரஷர்ல மருந்தை உள்ள ஏத்துவாங்க. அதுல ரொம்ப நாளா பேர் வாங்குன சிசிஏ மருந்து, அதாவது செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூணும் சேர்ந்தது, டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்துல காமேசம்ங்கறவர் 1930கள்ல கண்டுபுடிச்சது, அதுக்கப்புறம் உலகம் பூரா போச்சு. நம்ம நாட்டுக் கண்டுபிடிப்பு, நம்ம விவசாயிக்குத்தான் இன்னும் சரியா போய்ச் சேரலைங்கறது எனக்கு ரொம்ப வருத்தம்.

வாங்கும்போது ஒரு காலை நடுவுல அறுத்துக் காட்டச் சொல்லுங்க. முனையைக் காட்டுனா ஒத்துக்காதீங்க, முனையில மருந்து எப்பவுமே நல்லா ஏறியிருக்கும். நடுவுல சுத்துவட்டம் பூரா பச்சை நிறம் எவ்வளவு ஆழம் போயிருக்குன்னு பாருங்க. உள் வைரத்துல மருந்து சரியா ஏறாது, வெளி மரத்துலதான் ஏறும், அதனால நீளம் குறைக்க அறுத்தீங்கன்னா அறுத்த பக்கம் மேல வரணும், மண்ணுக்குள்ள போகக்கூடாது. இந்த மரத்துண்டை அடுப்புல மட்டும் வச்சிராதீங்க, புகையிலயும் சாம்பல்லயும் ஆர்சனிக் இருக்கும், புள்ளைங்க இருக்கற வீடு.

இரும்புக்கு வருவோம். தராசு இல்லாம எல் ஆங்கிள், அதாவது எல் எழுத்து மாதிரி மடிஞ்ச இரும்புக் கால், வாங்கவே வாங்காதீங்க. 40க்கு 40, 5 எம்எம் ஆங்கிள், அதாவது ரெண்டு பக்கமும் 40 எம்எம் அகலம், 5 எம்எம் கனம், மீட்டருக்கு 3 கிலோ வரும், 8 அடிக் கால்னா 7 கிலோவுக்குக் கொஞ்சம் மேல. ஒரு தடவை 5 எம்எம்னு சொல்லி எங்களுக்கு இறக்குன லோடுல ஒரு காலைத் தூக்கித் தராசுல வச்சா நாலரைக் கிலோ, அளந்தா 3 எம்எம். லோடைத் திருப்பி அனுப்பிட்டோம், ஆனா அன்னைக்கு எடை போடலைன்னா அந்த விவசாயி நகை அடகு வச்ச காசு பூரா போயிருக்கும்.

அடுத்தது சிங்க், அதாவது இரும்பு துருப்புடிக்காம இருக்க மேல ஏத்துற துத்தநாகப் பூச்சு. சில்வர் பெயிண்ட் அடிச்சதைக்கூட ஜிஐ, அதாவது சிங்க் ஏத்துன இரும்புன்னு விக்கிறாங்க, கத்தியால கீறிப் பாருங்க, பெயிண்ட்னா செதிலா உரியும். உருக்குன சிங்க்ல முக்கி எடுத்த ஹாட் டிப் கால்தான் வேணும். 5 எம்எம் கனத்துக்கு இந்திய ஸ்டாண்டர்டுபடி சதுர மீட்டருக்கு 610 கிராம் சிங்க் இருக்கணும், அதாவது பூச்சோட கனம் சுமார் 85 மைக்ரான், ஒரு எம்எம்ல பத்துல ஒரு பங்குகூட இல்ல. கம்பி கட்டுற ஓட்டை, வெல்டிங் எல்லாம் முக்கறதுக்கு முன்னாடியே முடிச்சிரணும், அப்புறம் வெல்டிங் வச்சா அந்த இடத்துல சிங்க் எரிஞ்சு போயி அங்கிருந்தே துரு ஆரம்பிக்கும்.

கல்லுக்கால் போடலாமேன்னு கேப்பீங்க. துருவும் இல்ல கரையானும் இல்ல, நல்லதுதான், ஆனா டிராக்டர் ஒரு இடி இடிச்சா ஒடிஞ்சிரும், அந்த இடத்தை விடிய விடிய பன்னிக்கு வழியா விடவேண்டியதுதான்.

எந்தக் காலா இருந்தாலும் நடுறதுலயும் விஷயம் இருக்கு. கான்கிரீட்டைத் தரை மட்டத்தோட நிறுத்தாதீங்க, ரெண்டு மூணு இஞ்ச் மேல எழுப்பி, காலை ஒட்டி உயரமா, வெளிப்பக்கம் சரிவா பூசுங்க, தண்ணி காலைச் சுத்தித் தேங்காம வழிஞ்சு போகும். மரக்காலுக்கு அடியில கான்கிரீட் வேண்டாம், அது கிண்ணம் மாதிரி தண்ணியைப் புடிச்சு வச்சுக்கும், ஒரு சட்டி ஜல்லி போட்டு அதுமேல நிறுத்துங்க.

அந்தத் தென்னந்தோப்புக்காரர் இப்ப மூலைக்கு மட்டும் 50க்கு 50, 6 எம்எம், மத்ததுக்கு 40 ஆங்கிள்னு முடிவு பண்ணியிருக்காரு. ஐப்பசி மழை முடிஞ்சதும் அவரோட நானும் போயி, பள்ளத்துல நிக்கிற நாலு காலைத் தேர்ந்து, துரு ஆரம்பிச்சிருக்கான்னு கான்கிரீட்டை ஒட்டிக் கத்தியால சுரண்டிப் பாக்கறதா பேசியிருக்கோம்.