கப்பிகள் குறித்த நேரம்

"1944 ஜூன் 6, நார்மண்டியில் நேச நாட்டுப் படைகள் இறங்கிய நாள், பௌர்ணமி. வெள்ளைக்காரனும் நாள் பார்த்துத்தான் செய்திருக்கிறான்" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். பார்த்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் பார்த்தது கடலை. அதைப் பார்த்துச் சொன்னது, கப்பிகளும் ஒற்றைக் கம்பியும் கொண்ட ஒரு பித்தளை எந்திரம்.

முதலில் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் பிடியில் இருந்த பிரான்ஸின் நார்மண்டிக் கரையில் ஓதம், அதாவது கடல்மட்டம், ஆறு மீட்டர் வரை ஏறி இறங்கும். சென்னையில் ஒரு மீட்டர் ஏறினாலே அதிகம் என்பதால் நமக்கு இது பழக்கமில்லாத சங்கதி. கடல் வற்றும்போது முந்நூறு மீட்டர் அகலத்துக்கு மணல் வெளியே தெரியும். எதிரி நீர் ஏறியிருக்கும் பெருக்கு நேரத்தில்தான் வருவான் என்று கணக்குப் போட்ட ஜெர்மன் தளபதி ரோமல், தண்ணீர் ஏறினால் மூழ்கிவிடும் இடங்களில் மரக்கம்பங்களையும் இரும்புத் தடைகளையும் நட்டு, பலவற்றில் கண்ணிவெடியும் கட்டிவைத்தார். பெருக்கில் வந்தால் படகின் அடி கிழியும். முழு வற்றில் வந்தால் சிப்பாய்கள் முந்நூறு மீட்டர் வெட்டவெளியில் ஓட வேண்டும். வற்று முடிந்து நீர் ஏறத் தொடங்கும் நேரம்தான் சரி: தடைகள் கண்ணுக்குத் தெரியும், வெடிவைத்து வழி திறக்கலாம், தரைதட்டிய படகும் ஏறும் நீரில் தானாக மிதந்து திரும்பிவிடும். அந்த நேரம் விடியலை ஒட்டி வர வேண்டும். வானிலிருந்து குதிப்பவர்களுக்கு முந்தைய இரவில் நிலா வெளிச்சமும் வேண்டும். எல்லாம் சேர்ந்து வருவது மாதத்தில் சில நாட்கள்தான்.

ஓதம் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் அதற்குச் சில மாதங்கள் முன்பே நடந்திருந்தது. 1943 நவம்பர் 20, பசிபிக் கடலில் ஜப்பானியர் வசமிருந்த தாராவா தீவு. அமெரிக்கப் படகுகளுக்குப் பவளத்திட்டின் மேல் ஒன்றே கால் மீட்டர் நீராவது வேண்டும். இருந்தது ஒரு மீட்டருக்கும் குறைவு. படகுகள் திட்டில் தட்டி நின்றன. வீரர்கள் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே பல நூறு மீட்டர் தண்ணீரில் நடந்தார்கள். மூன்று நாட்களில் அமெரிக்கத் தரப்பில் சுமார் ஆயிரம் பேர் இறந்தார்கள். அன்று தேய்பிறை அரைநிலா, அதாவது அஷ்டமியை ஒட்டிய நாள். நிலவும் பூமியிலிருந்து வெகு தூரத்தில் இருந்தது. "பார்த்தீர்களா, அஷ்டமி!" என்று யாரும் குதிக்க வேண்டாம். அதே அஷ்டமிதான் தீவில் இருந்த ஜப்பானியருக்கும். அவர்கள் தரப்பில், கொரியத் தொழிலாளர்களையும் சேர்த்து, சுமார் 4,700 பேர் மடிந்தார்கள்.

சந்திரனும் சூரியனும் கடலை இழுக்கின்றன, அமாவாசை பௌர்ணமியில் இரண்டு இழுப்பும் சேர்ந்துகொள்கின்றன, அரைநிலா நாளில் ஒன்றை ஒன்று குறைக்கின்றன. இது பள்ளிக்கூடப் பாடம், தாண்டிப் போவோம். எனக்குப் பிடித்த இடம் அதற்கு அடுத்தது.

ஓதத்தை ஒரே அலையாகப் பார்த்தால் தலை சுற்றும். பல சீரான அலைகளின் கூட்டாகப் பார்த்தால் பிடிபடும். சந்திரனால் வரும் முக்கிய அலைக்கு 12 மணி 25 நிமிடம். சூரியனுடையதற்குச் சரியாக 12 மணி. இரண்டும் ஒன்றுக்கொன்று நழுவி, பதினைந்து நாளைக்கு ஒருமுறை சேர்ந்துகொள்கின்றன. நிலவு ஒரு சமயம் அருகில், ஒரு சமயம் தூரத்தில் இருப்பதற்கு இன்னோர் அலை. இப்படிப் போகும் பட்டியல். ஒவ்வொரு அலையின் காலமும் வானத்தில் தீர்மானமாகிவிட்டது, உலகெங்கும் அது ஒன்றே. உயரமும் தாமதமும் மட்டும் ஊருக்கு ஊர் மாறும். எனவே ஓர் ஊரின் ஓதம் என்பது சில ஜோடி எண்கள்.

சரி, அந்த அலைகளை யார் கூட்டுவது? கணினி இல்லாத 1872-இல் வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, கப்பியைக் கூட்ட வைத்தார். ஓர் அலைக்கு ஒரு பற்சக்கரம், அதன் வேகம் அந்த அலையின் காலத்துக்கு ஏற்றபடி. சக்கரத்தோடு சுழலும் ஒரு கை, ஒரு கப்பியை மேலும் கீழும் ஆட்டும். கையின் நீளம் அலையின் உயரம். எந்தக் கோணத்தில் தொடங்குகிறது என்பது தாமதம். இப்போது ஒரே கம்பியை ஒரு முனையில் கட்டி, எல்லாக் கப்பிகளுக்கும் மேலும் கீழுமாக ஓட்டி, மறுமுனையில் பேனாவைத் தொங்கவிடுங்கள். கப்பி ஓர் அங்குலம் உயர்ந்தால் கம்பி இரண்டு அங்குலம் இழுபடும். எல்லாக் கப்பிகளின் இழுப்பும் தளர்வும் அந்த ஒரு முனையில் வந்து சேரும். கம்பி கூட்டுகிறது, அவ்வளவுதான்! கைப்பிடியைச் சுற்றினால், நகரும் காகிதத்தில் பேனா வருங்கால ஓதத்தை வரைந்துகொண்டே போகும். ஓராண்டு ஓதம் நான்கு மணி நேரத்தில். கிணற்றடியில் நாம் தினமும் பார்த்த சாமான் வானத்தையே கூட்டிச் சொல்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும். (1879-இல் இந்தியத் துறைமுகங்களுக்கென்றே இப்படி ஓர் எந்திரம் செய்தார்கள்.)

நார்மண்டிக்கு இன்னும் ஒரு குறும்பு உண்டு. ஆழமில்லாத நீரில் அலையின் முகடு பள்ளத்தைவிட வேகமாக ஓடும். அதனால் பெருக்கு சட்டென்று ஏறும், வற்று மெதுவாக இறங்கும். லெ ஆவ்ர் துறைமுகத்தில் உச்சத்துக்கு வந்த நீர் சில மணி நேரம் அப்படியே நிற்கும். வானத்தில் ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எதுவும் சுற்றவில்லை. ஆனாலும் அந்தக் காலத்துக்கு ஒரு கப்பி வேண்டும். அது கடலின் தரை சேர்க்கும் அலை.

போரின்போது லிவர்பூல் அருகே பிட்ஸ்டன் ஆய்வகத்தில் இரண்டு எந்திரங்கள் இருந்தன. ஒரு குண்டில் இரண்டும் போய்விடக் கூடாது என்று தள்ளித் தள்ளி வைத்திருந்தார்கள். பொறுப்பில் இருந்தவர் ஆர்தர் டூட்சன், காது சரியாகக் கேட்காதவர், முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்தவர். 1943 அக்டோபரில் பிரிட்டிஷ் கடற்படையின் ஃபார்குவர்சன் அவருக்கு 11 ஜோடி எண்கள் அனுப்பினார். இடத்தின் பெயர் இல்லை, 'இஸட் புள்ளி' என்று மட்டும். தரவு குறைவு, ஊகித்துத்தான் போட்டிருக்கிறேன் என்ற ஒப்புதலும் கூடவே வந்தது. டூட்சன் எந்திரத்தின் சக்கரக் கைகளின் நீளத்தைத் திருத்தி, அதை ஓட்டினார்.

இந்த ஓத ஆராய்ச்சி லிவர்பூலில் 1919-இல் கப்பல் முதலாளிகள் தந்த பணத்தில் தொடங்கியது. "கடல் ஏறி இறங்குவதை ஆராய்ந்து என்ன கிடைக்கும்?" என்று அன்று ஒரு நிதிக்குழு கேட்டிருந்தால் டூட்சனிடம் நல்ல பதில் இருந்திருக்காது. நம்மூரில் விண்ணப்பப் படிவத்தில் 'உடனடிப் பயன்' என்ற கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கப்பிகள் ஞாபகம் வரும்.

எந்திரம் சொன்னது ஜூன் 5, 6, 7. ஐந்தாம் தேதி காற்றும் மேகமும் கெடுத்ததால் ஆறாம் தேதி இறங்கினார்கள். ஓதம் கரையோரமாக மேற்கிலிருந்து கிழக்கே நகர்வதால் நேரமும் தள்ளித் தள்ளி: அமெரிக்கரின் யூட்டா, ஒமாஹா கரைகளில் 6.30, பிரிட்டிஷ் படையின் கோல்டு, சோர்டு கரைகளில் 7.25. ஒமாஹாவில் தடை அகற்றும் வேலை முடிவதற்குள் நீர் ஏறிவிட்டது. கப்பிகள் சொன்ன வேகத்தில்தான் அது ஏறியது.

அன்றும் தள்ளிப்போட்டிருந்தால், ஓதம் பொருந்தும் அடுத்த வாய்ப்பு ஜூன் 19-ஐ ஒட்டி. அன்று தொடங்கிய புயல் மூன்று நாள் அடித்து, ஒமாஹாவில் அமைத்திருந்த செயற்கைத் துறைமுகத்தை உடைத்துப் போட்டது. அந்தப் புயலுக்கு எந்திரத்தில் கப்பி கிடையாது.