ரெக்கார்டிங் இருக்கிறது, படிப்பு எங்கே?

தர்மபுரியில் இருந்தபடி ஆன்லைனில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கத்துப் பிள்ளைகள்தான் அதிகம். ஓசூர் கம்பெனி இன்டர்வியூ, இல்லையென்றால் பெங்களூரு வேலை, சேருவது அதற்காகத்தான்.

வகுப்பு முடிந்ததும் முதல் கேள்வி, "சார், ரெக்கார்டிங் அனுப்புவீங்களா?" அனுப்பிக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் ஒரு மாணவர் ஸ்கிரீன் ஷேர் செய்தபோது கண்ணில் பட்டது: 31 பதிவுகள், ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்ற தைரியத்தில் வகுப்பிலும் காது கொடுப்பதில்லை.

தன் படிப்பைத் தானே நடத்திக்கொள்வதை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் பாரி ஸிம்மர்மன், அதை மூன்று கட்டமாகப் பிரித்தார். முன்கூட்டித் திட்டமிடுவது, படிக்கும்போது தன்னைக் கவனிப்பது, முடிந்தபின் திரும்பிப் பார்ப்பது. முதலாவதில் நம் பிள்ளைகள் கெட்டி. கலர் கலராக டைம்டேபிள் போடுவார்கள். மூன்றாவதுதான் உதைக்கிறது.

பாலக்கோட்டுப் பெண் ஒருவர். தக்காளி பறிப்பு நாட்களில் வகுப்புக்கே வர முடியாது. ஆனால் ஞாயிறுதோறும் போனில் ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் பேசிப் பதிவு செய்வார். போன வாரப் பதிவையும் போட்டுக் கேட்பார். காதில் இடறியதை நோட்டில் எழுதுவார். மூன்றாவது வாரம் அவரே சொன்னார்: "சார், நான் 'டிட் யூ வென்ட்'னு சொல்றேன்." 'டிட்' வந்துவிட்டால் 'வென்ட்' வராது, 'கோ'தான் என்று நான் நாலு தடவை திருத்தியும் போகாத பிழை அது. தன் குரலில் கேட்டதும் போய்விட்டது.

என் பங்குக்கு நானும் தப்பு செய்திருக்கிறேன். தினமும் ராத்திரி 9 மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் 'வீட்டுப்பாடம் முடிச்சாச்சா?' என்று தட்டுவேன். காய்ச்சலில் படுத்த ஒரு வாரம் தட்டவில்லை. யாரும் எதுவும் அனுப்பவில்லை. அத்தனை நாளும் படிப்பை நடத்தியது நான்தான், அவர்கள் இல்லை.

இப்போது முழுப் பதிவை அனுப்புவதில்லை. அவரவர் பேசிய இரண்டு நிமிடத்தை மட்டும் வெட்டி அனுப்புகிறேன். கூடவே ஒரே கேள்வி: "இதில் நீங்களே பிடித்த தப்பு எது?" சிக்னல் கிடைக்காத ஊர்க்காரர்களுக்கும் இது சுலபமாக இறங்கிவிடுகிறது.

முதல் வாரம் பாதிப் பேர் சொன்ன பதில், "எதுவும் இல்லை சார்." அப்படியானால் எதற்கு ஃபீஸ் கட்டுகிறீர்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. அதே இரண்டு நிமிடத்தை மறுபடி அனுப்பினேன்.