வாத்துக்குஞ்சு நொண்டினால் முதலில் தீவன மூட்டையைப் பாருங்கள்

இரண்டு வார வயதுக் குஞ்சு. நேற்றுவரை ஓடியது, இன்று இரண்டடி வைத்ததும் உட்கார்ந்துவிடுகிறது. எழுந்திருக்க இறக்கையைத் தரையில் ஊன்றிப் பார்க்கிறது. எங்கோ அடிபட்டுவிட்டது என்றுதான் பெரும்பாலோர் எங்களிடம் சிகிச்சைக்குத் தூக்கி வருகிறார்கள். அடிபட்டும் இருக்கலாம். ஆனால் இரண்டு காலும் ஒரே மாதிரி தளர்ந்திருந்தால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, என்ன தீவனம் போடுகிறீர்கள் என்பதுதான். கோழிக்குஞ்சுத் தீவனம் என்று பதில் வந்தால் பாதி விஷயம் அங்கேயே விளங்கிவிடும்.

குறைவது நியாசின், அதாவது பி3 வைட்டமின். டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து கோழி தன் உடலுக்குள்ளேயே ஓரளவு நியாசின் தயாரித்துக்கொள்ளும். வாத்துக்கு அந்தத் திறமை குறைவு. அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழுவின் 1994ஆம் ஆண்டு அட்டவணை, ஒரு கிலோ தீவனத்தில் முட்டைக்கோழிக் குஞ்சுக்கு 27 மில்லிகிராம், கறிக்கோழிக் குஞ்சுக்கு 35, வாத்துக்குஞ்சுக்கு 55 என்று சொல்கிறது. இதோடு வாத்தின் வளர்ச்சி வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். பொரித்த அன்று 50 கிராம் சொச்சம் இருக்கும் பீக்கின் என்ற கறிவாத்து இனக் குஞ்சு, ஏழு வாரத்தில் மூன்று கிலோவைத் தொடும். எலும்பு முற்றுவதற்குள் உடம்பு கனத்துவிட, கால் வளைகிறது.

மக்காச்சோளம் மட்டும் போட்டு வளர்த்தால் இன்னும் மோசம். அதில் இருக்கும் நியாசின் செரிமானத்துக்கு எட்டாதபடி பிணைந்து கிடக்கிறது. ரொட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மருந்தைத் தொடும் முன் காலைப் பாருங்கள். வழுக்காத தரையில் குஞ்சை விட்டு, பின்னாலிருந்து கவனியுங்கள். காலின் நடுவே பின்பக்கமாகத் துருத்திக்கொண்டிருக்கும் மூட்டு, பார்வைக்கு முழங்கால்போல் இருந்தாலும் உண்மையில் கணுக்கால். நியாசின் குறைந்த குஞ்சுக்கு இரண்டு கணுக்காலும் தடித்திருக்கும், கால்கள் வில்போல் வளையத் தொடங்கியிருக்கும், நடையில் ஒரு தள்ளாட்டம் இருக்கும். முற்றிவிட்டால் கணுக்காலைத் தரையில் வைத்தே நகரும்.

இந்த அடையாளங்கள் பொருந்தினால் அன்றே நியாசினைத் தொடங்கிவிடுங்கள். 500 மில்லிகிராம் நியாசின் மாத்திரை ஒன்றைப் பொடித்து 4 லிட்டர் தண்ணீரில் கலக்கினால், லிட்டருக்கு 125 மில்லிகிராம் வரும். நோய்ப்பட்ட குஞ்சுக்கு இது சரியான அளவு. நிகோடினமைடு என்ற வடிவமும் ஆகும், அது இன்னும் எளிதாகக் கரையும். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரையும், உடல் சிவக்காது என்று விளம்பரம் செய்யும் வகையும் வேண்டாம். கூட்டில் வேறு தண்ணீர் வைத்தால் குஞ்சு அதைத்தான் குடிக்கும், ஆகவே இது மட்டுமே இருக்கட்டும். வாத்து தண்ணீரைக் கலக்கிச் சேறாக்கிவிடும் என்பதால் தினமும் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். எழ முடியாத குஞ்சின் பக்கத்திலேயே கிண்ணத்தை வைத்து, அலகு நுனியை மெல்ல நனைத்துக் காட்டினால் தானே குடிக்கும். சிரிஞ்சால் வாய்க்குள் பீய்ச்சாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும்.

தீவனத்தில் சேர்ப்பதற்கு ப்ரூவர்ஸ் ஈஸ்ட், அதாவது பீர் தயாரிப்பில் பயன்படும் ஈஸ்டை உயிரற்ற பொடியாக்கியது. தனியாகச் சத்து சேர்க்காத வகையில் 100 கிராமுக்கு 30 முதல் 40 மில்லிகிராம் நியாசின் இருக்கும், பொட்டலத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு 30 மில்லிகிராம் உள்ள தீவனத்தை 55க்கு உயர்த்த 25 வேண்டும். அதற்குக் கிலோவுக்கு 70, 80 கிராம் ஈஸ்ட் பிடிக்கும், அதாவது 100 கிராம் தீவனத்துக்கு ஒரு மேசைக்கரண்டி. வெறும் பொடி தீவனத் தட்டின் அடியில் தங்கிவிடும் என்பதால் தீவனத்தை லேசாக ஈரப்படுத்திப் பிசிறுங்கள். ஈரத் தீவனம் சில மணி நேரத்துக்கு மேல் தங்கக் கூடாது. ரொட்டி சுடப் பயன்படும் உயிருள்ள ஈஸ்ட் இதற்கு மாற்று ஆகாது. பச்சைப் பட்டாணி கொடுத்தால் போதும் என்று ஒரு பேச்சு உண்டு. பட்டாணியில் 100 கிராமுக்கு 2 மில்லிகிராம் அளவுதான் இருக்கிறது. மேலே சொன்ன 25ஐ அதில் பிடிக்க ஒரு கிலோவுக்கு மேல் பட்டாணி வேண்டும். தின்பண்டமாகக் கொடுங்கள், மருந்தாக எண்ண வேண்டாம்.

லேசான நிலையில் தொடங்கினால் இரண்டு மூன்று நாளில் நடை தேறும். ஒரு வாரம் போயும் மாற்றமே இல்லை என்றால், ஒன்று காரணம் வேறு, அல்லது எலும்பு ஏற்கெனவே வளைந்து இறுகிவிட்டது. இறுகிய வளைவை நியாசின் நிமிர்த்தாது. நாள் கடத்தாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

அந்த வேறு காரணங்களில் தவறவிடக் கூடாதது தசைநாண் நழுவல். கணுக்காலின் பின்பக்கம் விரல் வைத்தால், நடுவிலுள்ள பள்ளத்தில் நூல்கயிறுபோல் தசைநாண் தட்டுப்பட வேண்டும். பள்ளம் வெறுமையாக இருந்து, கயிறு பக்கவாட்டில் உருண்டால் அது இடம்விட்டு நழுவியிருக்கிறது. மூட்டு தட்டையாக அகன்றிருக்கும், கால் ஒருபக்கமாகத் திருகி நிற்கும். மாங்கனீஸ், கோலின், பயோட்டின் குறைவுகள் இதற்குக் காரணமாகலாம். தசைநாணை மீண்டும் இடத்தில் அமர்த்திக் கட்டுப்போட வேண்டும். முதல் ஓரிரு நாளுக்குள் கால்நடை மருத்துவர் கைக்குப் போனால்தான் பலன் எதிர்பார்க்கலாம். வீட்டில் இழுத்துப் பார்த்தால் எலும்பு முறியும் அபாயம் உண்டு.

விரல்கள் உள்நோக்கிச் சுருண்டு, காலூன்ற முடியாமல் இருந்தால் பி2 குறைவைச் சந்தேகியுங்கள். அதற்கு பி காம்ப்ளக்ஸ் முழுவதுமாகத் தேவைப்படும். அலகு ரப்பர்போல் வளைந்தால் டி3 அல்லது சுண்ணாம்புச்சத்துக் கோளாறு. ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் டி3க்கு உதவாது, அதற்கு வேண்டிய கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். சுண்ணாம்புச்சத்து வேண்டுமென்று முட்டையிடும் கோழிக்கான தீவனத்தைக் குஞ்சுக்குப் போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள மூன்றரை, நான்கு சதவீதக் கால்சியம் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நியாசின் சற்றுக் கூடினாலும் சிறுநீரில் போய்விடும், ஆனால் ஏ, டி வைட்டமின்கள் உடலில் தங்கி நஞ்சாகும். எந்தச் சொட்டு மருந்தையும் கண்ணளவில் ஊற்றக் கூடாது.

பொரித்த சில நாளிலேயே கால்கள் இருபக்கமும் அகன்று சறுக்கினால் குற்றம் பெரும்பாலும் தரையில். செய்தித்தாளும் வழவழப்பான பிளாஸ்டிக்கும் முதல் எதிரி. ரப்பர் பாயோ துணியோ விரித்து, ஒரு செ.மீ. அகலமுள்ள, தானாக ஒட்டும் பேண்டேஜால் இரு கால்களையும் இடுப்பகல இடைவெளியில் எட்டு வடிவில் இணைத்துக் கட்டுங்கள். தினமும் அவிழ்த்து விரல் வீங்கியிருக்கிறதா என்று பார்த்துக் கட்டினால் மூன்று முதல் ஐந்து நாளில் பலன் தெரியும். கட்டோடு தண்ணீரில் விட்டால் குஞ்சு மூழ்கிவிடும்.

கட்டு இல்லாத தளர்ந்த குஞ்சுக்கோ தண்ணீர்தான் நல்ல உடற்பயிற்சி. எடையைத் தண்ணீர் தாங்கிக்கொள்ள, மூட்டு நோகாமல் கால் அசையும். கை பொறுக்கும் வெதுவெதுப்பில், கால் தரை தொடாத ஆழத்தில், பத்து நிமிடம் கண் எடுக்காமல் பக்கத்திலேயே இருந்து நீந்த விடுங்கள். தாய் இல்லாமல் வளரும் குஞ்சின் மென்தூவி சீக்கிரம் நனைந்து குளிர் ஏறிவிடும். உடனே துடைத்துச் சூட்டில் வையுங்கள். தூக்கும்போது உடம்போடு சேர்த்து ஏந்துங்கள். வாத்தின் காலைப் பிடித்துத் தூக்கினாலே அது நொண்டியாகப் போதும்.

பூஞ்சை பிடித்த தீவனத்தை உலர்த்தி மறுபடி போடுவோரும் உண்டு. பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் நச்சுக்கு வாத்துக்குஞ்சு அளவுக்கு எளிதில் பலியாகும் வளர்ப்புப் பறவை அரிது. அந்த நச்சைச் சோதிக்க ஒருநாள் வயது வாத்துக்குஞ்சுகளையே ஆய்வகங்கள் பயன்படுத்தின. தள்ளாட்டமும் கால் தளர்ச்சியும் அதிலும் வரும். மூட்டையில் லேசாக வாடை அடித்தாலும் கொட்டிவிடுங்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கித் தொட்டால் சூடாக இருப்பது, தலை நடுங்குவது, கழுத்து பின்னால் வளைவது, கால்கள் நீந்துவதுபோல் உதைப்பது, ஒன்றன்பின் ஒன்றாகக் குஞ்சுகள் விழுவது இவையெல்லாம் வைட்டமின் கணக்கில் வராது. தொற்றாக இருக்கலாம், நோயுற்றதைப் பிரித்து வைத்து அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மனிதருக்கான வலி மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். குருதிக் கழிச்சலுக்காக ஆம்ப்ரோலியம் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அது பி1க்கு எதிராக வேலை செய்யும் மருந்து, பி காம்ப்ளக்ஸோடு எப்படிச் சேர்ப்பது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கால் தேறியவுடன் பலர் ஈஸ்ட்டை நிறுத்திவிடுகிறார்கள். குறைந்தது பத்து வார வயது வரை தொடருங்கள். ஒன்றுக்கு நொண்டல் வந்தால் அதே மூட்டையைத் தின்ற மற்ற குஞ்சுகளுக்கும் இன்றிலிருந்தே ஈஸ்ட் போடுங்கள்.