ஃபர் என்றால் மயிர்த்தோல்

குளிர்கால மேலங்கியின் கழுத்துப்பட்டையில் புசுபுசுவென்று இருப்பதை ‘ஃபர்’ என்கிறோம். தமிழில் எழுதும்போது ‘உரோமம்’ என்று மாற்றிவிடுகிறோம். அது பாதிச் சொல்தான்; தோலை விட்டுவிடுகிறது.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பிலேயே விலங்கு இல்லை. உறையிடுவது, உள்ளே லைனிங் கொடுப்பது என்று பொருள்படும் பழைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது அது. முதலில் உடைக்கு உட்புறம் வைத்துத் தைப்பதையும், பிறகு அப்படித் தைத்த விலங்குத் தோலையும் குறித்தது. விலங்கின் மேல் வளர்ந்திருக்கும் மயிருக்கு அந்தப் பெயர் வந்தது அதற்கும் அப்புறம்தான்.

சட்டம் இதைத் தெளிவாகவே பிடித்திருக்கிறது. அமெரிக்காவின் 1951ஆம் ஆண்டு ஃபர் முத்திரைச் சட்டப்படி (முத்திரை என்பது உடையில் இருக்கும் லேபிள்), மயிர் ஒட்டியிருக்கும் விலங்குத் தோல்தான் ஃபர். மயிரை முழுக்க நீக்கிப் பதனிட்டால் அது வெறும் தோல். கத்தரித்து நூலாக்கினால் கம்பளி. அதற்காக ஆட்டைக் கொல்ல வேண்டியதில்லை. உரித்தால்தான் ஃபர். வாங்குபவருக்குத் தெரிய வேண்டிய வேறுபாடு இதுதானே!

அந்தச் சட்டம் வந்ததற்குக் காரணமும் பெயர்தான். மஸ்க்ராட் என்ற நீர்வாழ் கொறிணியின் தோலைக் கத்தரித்துச் சாயமேற்றி ‘ஹட்சன் சீல்’ என்று விற்றார்கள். சீல் என்றால் கடல்நாய்; அதன் தோல் என்று நம்பி வாங்கியவர்கள் உண்டு. அதனால் விலங்கின் உண்மைப் பெயர், எந்த நாட்டிலிருந்து வந்தது, சாயமேற்றியதா என்பதெல்லாம் முத்திரையில் இருக்க வேண்டும் என்றார்கள். சேர்த்த ஃபரின் மதிப்பு 150 டாலருக்குள் இருந்தால் அந்த உடைகளுக்கு விலக்கு இருந்தது. 2010இல் வந்த திருத்தச் சட்டம் அதையும் எடுத்துவிட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு விதி வேறு மாதிரி. ‘விலங்கிலிருந்து பெறப்பட்ட, துணியல்லாத பகுதிகள் கொண்டது’ என்று துணியுடைகளில் குறிப்பிட்டால் போதும். ஜீன்ஸின் இடுப்பில் ஒட்டிய தோல்துண்டுக்கும் நரியின் தோலில் செய்த கழுத்துப்பட்டைக்கும் ஒரே வாசகம். எந்த விலங்கு என்று சொல்லாத முத்திரையை நான் பாதி மறைப்பு என்றுதான் சொல்வேன்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? தோலுக்குப் பழந்தமிழில் ‘அதள்’ உண்டு, ‘உரி’ உண்டு. உரித்தெடுத்தது என்பதை ‘உரி’ அப்படியே சொல்லிவிடும். ஆனால் இன்று முத்திரையில் படித்தால் பலருக்குப் புரியாது. ‘உரோமம்’ வடசொல், தோலையும் குறிக்காது. ‘மயிர்த்தோல்’ இரண்டையும் சேர்த்துச் சொல்கிறது. மயிர் என்ற சொல்லுக்குக் கூச்சப்படுகிறோம், வசவாகிவிட்டதால். கவரிமாவைச் சொல்லும் குறளில் வள்ளுவர் ‘மயிர்நீப்பின்’ என்றே எழுதினார். மயிர்க்கால், மயிர்க்கூச்செறிதல் என்று நாமும் கூசாமல் எழுதுகிறோம்.

அக்ரிலிக், பாலியெஸ்டர் இழையில் செய்வதைச் ‘செயற்கை மயிர்த்தோல்’ என்று எழுதக் கூடாது. அதில் தோலே இல்லை. இழைகளை விலக்கிப் பார்த்தால் அடியில் நெய்த அல்லது பின்னிய துணிதான் தெரியும். ‘செயற்கை மயிரிழை’ என்பதே சரி. உண்மையானதற்கு முத்திரை இப்படி இருக்கலாம்: ‘கழுத்துப்பட்டை: முயல் மயிர்த்தோல், சாயமேற்றியது.’