ஏடிஹெச்டி: தெரிஞ்ச வேலையை ஏன் தொடங்க முடியல?

ஏடிஹெச்டி (கவனத்தையும் சட்டுனு வர்ற உந்துதலையும் கட்டுப்படுத்தறது கஷ்டமா இருக்கற, மூளை வளர்ச்சி சார்ந்த ஒரு நிலை) இருக்கறவங்ககிட்ட என்ன வேலை பாக்கி இருக்குன்னு கேட்டுப் பாருங்க, எந்த ஃபார்ம் நிரப்பணும், கடைசி தேதி எப்ப, முதல்ல எதை எடுக்கணும்னு எல்லாம் கடகடன்னு சொல்லிடுவாங்க, ஆனா வேலை மட்டும் அப்படியே கிடக்கும். அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி பல வருஷமா சொல்லிட்டு வர்றது இதைத்தான்: இதுல அறிவுக்குக் குறைச்சலே இல்ல, தெரிஞ்சதை அந்த நேரத்துல, அந்த இடத்துல செயலா மாத்தறதுலதான் சிக்கல். சோம்பேறி, பொறுப்பில்லன்னு சின்ன வயசுல இருந்தே கேட்டு கேட்டு அதையே நம்பிட்ட எத்தனையோ பேருக்கு இதை யாராவது முன்னாடியே சொல்லியிருக்கணும்.

தொடங்கறது, நிறுத்தறது, மனசுல பிடிச்சு வெச்சுக்கறது, இதெல்லாம் பெரும்பாலும் நெத்திக்குப் பின்னாடி இருக்கற மூளைப்பகுதியோட வேலை. ஃபிலிப் ஷா குழு 2007-ல குழந்தைகளோட மூளை ஸ்கேன்களை ஒப்பிட்டுப் பார்த்தப்ப, மூளையோட மேலடுக்கு முழு தடிமனுக்கு வர்றது ஏடிஹெச்டி குழந்தைங்களுக்கு சராசரியா 3 வருஷம் தள்ளிப் போகுது, அதுவும் இந்த முன்பகுதியிலதான் தாமதம் அதிகம்னு தெரிஞ்சுது. அப்புறம் டோபமின், மூளை செல்களுக்கு நடுவுல சேதி கடத்தற, ஆர்வத்தோட சம்பந்தப்பட்ட ஒரு ரசாயனம். நோரா வோல்கோ குழு 2009-ல, ஏடிஹெச்டி இருந்தும் மருந்து எடுக்காத பெரியவங்களை ஸ்கேன் பண்ணி, பலனை எதிர்பார்த்து இயங்கற பாதையில டோபமின் சம்பந்தப்பட்ட புரதங்கள் குறைவா இருக்கறதைக் காட்டினாங்க.

ஒரு பலன் எவ்வளவு தூரத்துல இருக்கோ அவ்வளவுக்கு அதோட மதிப்பு நம்ம மனசுல குறையும், இது எல்லாருக்கும் உள்ளதுதான், ஏடிஹெச்டில அந்தச் சரிவு ரொம்ப செங்குத்து. அடுத்த மாச பரீட்சை கிட்டத்தட்ட இல்லாத மாதிரி, கையில இருக்கற ஃபோன் மட்டும் இருக்கற மாதிரி. அதனாலதான் கடைசி நாள் ராத்திரி வேலை பறக்குது, அப்ப பலனும் பயமும் பக்கத்துல வந்துடுச்சு. "பாத்தியா, நினைச்சா முடியுதுல்ல"ன்னு வீட்ல சொல்றது இந்த ராத்திரியை வெச்சுதான், ஆனா மூளை எதுக்கு நகருதுன்னு அது காட்டுதே தவிர, மத்த நாள்ல மனசு வெக்கலன்னு காட்டல.

அப்ப மன உறுதியை ஏத்தறதை விட, முடிவெடுக்க வேண்டிய தருணத்தையே முன்னாடி இழுத்து வெக்கறதுதான் வழி. பீட்டர் கோல்விட்சர்ங்கிற உளவியலாளர் இதை 'இப்படி ஆனா, அப்படிச் செய்வேன்' திட்டமா ஆராய்ஞ்சார். "இன்னிக்கு படிப்பேன்"னு சொன்னா எப்பன்னு அந்த நேரத்துல யோசிக்கணும், அங்கதான் வழுக்கும். "சாப்பிட்டு தட்டு கழுவினதும் மேஜைல உக்காந்து புத்தகத்தைத் திறப்பேன்"னா தட்டு கழுவறதே சிக்னல் ஆயிடும், தனியா முடிவெடுக்க வேண்டிய வேலை குறையும். காடரீனா காவ்ரிலோவும் அவரும் 2008-ல வெளியிட்ட ஆய்வுல, ஏடிஹெச்டி குழந்தைங்ககூட இந்த மாதிரி திட்டம் வெச்சப்ப யோசிக்காம சட்டுனு கை போறதை நல்லாவே நிறுத்தினாங்க. புத்தகத்தைத் திறக்கறது வரைக்கும்தான் திட்டம் இருக்கணும், "மூணு பாடம் முடிப்பேன்"னு எழுதினா படி ரொம்ப உயரமாயிடும்.

இதே காரணத்துக்காகத்தான் தலைக்குள்ள வெச்சிருக்கறதை கண்ணு முன்னாடி வெக்கச் சொல்றாங்க. மீதி நேரம் குறையறது தெரியற டைமர், வேலை நடக்கற இடத்துலயே ஒட்டின சீட்டு, பக்கத்துல உக்காந்து தன்னோட சொந்த வேலையைப் பாக்கற ஒரு ஃப்ரெண்டு. அலமாரில மூடி வெச்ச பிளானர் பெரும்பாலும் உதவாது. மெத்தில்ஃபெனிடேட் மாதிரி மருந்துகள் டோபமின் சீக்கிரம் திரும்ப உறிஞ்சப்படறதைத் தடுக்குது, நிறைய பேருக்கு தொடங்கறதே லேசாகுது, அது மனநல மருத்துவர்கிட்ட பேசி முடிவு பண்ண வேண்டியது. ஸ்டீவன் சாஃப்ரென் குழுவோட 2010 ஆய்வுல, மருந்து எடுத்தும் அறிகுறி மிச்சம் இருந்த பெரியவங்களுக்கு சிபிடி சிகிச்சை (யோசிக்கற, நடந்துக்கற விதத்தை மாத்தப் பழக்கற பேச்சு சிகிச்சை) கூடுதலா உதவிச்சு, அதுல திட்டமிடறது, கவனம் சிதறும்போது சமாளிக்கறது எல்லாம் பழக்குவாங்க.

இன்னொண்ணு, எவ்வளவு நல்ல முறையா இருந்தாலும் புதுசு போனதும் சீட்டு கண்ணுல படாம சுவரோட சுவரா ஆயிடும், டைமர் சத்தம் காதுல ஏறாது. அதுக்காக தன்னையே திட்டிக்க வேண்டாம், சீட்டோட நிறத்தை மாத்துங்க, இடத்தை மாத்துங்க. விட்டுப்போன நாளுக்கும் ஒரு வரி இப்பவே எழுதி வெச்சுக்கங்க: "நேத்து விட்டுட்டேன்னா, இன்னிக்கு தட்டு கழுவினதும் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கம் மட்டும் படிப்பேன், நேத்து பாக்கியை சேக்க மாட்டேன்."